நாலாயிரம் அடக்கங்களும் ஒரு சாப்பாட்டு ஜெபமும்: மார்ட்டின் ரிங்கார்ட்டின் கதை

திருச்சபை வரலாற்றுத் தொடரின் இந்தப் பகுதியில் நாம் பேசப்போவது தேவ பராமரிப்பைப் பற்றி. இந்த வார்த்தையைச் சபையில் நிறையக் கேட்டிருப்போம். சபைக்கு வெளியேயும் நம்ம ஊரில் இந்த எண்ணம் எல்லாருடைய பேச்சிலும் உண்டு. "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்று சொல்கிறோம். "கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கே படியளக்கிறவன் நமக்கு அளக்க மாட்டானா" என்று சொல்கிறோம். மழை நன்றாகப் பெய்து, வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கும்போது இதைச் சொல்வது சுலபம். ஒரு ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்ல முடியுமா? சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

இதற்கு நான் வேதாந்தமாகப் பதில் சொல்லப்போவதில்லை. அந்த நிலைமையில் இருந்த ஒரு மனிதரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர் மார்ட்டின் ரிங்கார்ட். ஜெர்மனியில், சாக்சனி நாட்டில், ஐலன்பர்க் என்ற சின்ன ஊரின் போதகர்.

பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அவர் எழுதிய ஒரு பாட்டை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஜெர்மன் மொழியில் "நூன் டாங்கெட் அல்லே காட்". இப்போது எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்பதுதான் அதன் பொருள். கேத்தரின் விங்க்வொர்த் என்ற அம்மையார் 1858-ல் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் பிறகு ஆங்கில ஆராதனை நடக்கிற ஆலயங்களில் கல்யாணமா, அறுப்பின் பண்டிகையா, இந்தப் பாட்டு இருக்கும். நல்ல கம்பீரமான, சந்தோஷமான பாட்டு. இதைப் பாடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதை எழுதினவர் எத்தனை பேரை அடக்கம் பண்ணினார் என்று தெரியாது.

யார் இந்த ரிங்கார்ட்?

1586 ஏப்ரல் 23-ஆம் தேதி ஐலன்பர்க்கில் பிறந்தார். லைப்சிக் நகரத்துக்கு வடகிழக்கே, முல்டே ஆற்றின் கரையில், மதில் சூழ்ந்த ஊர் அது. அப்பா மரப்பீப்பாய் செய்கிற தொழிலாளி. வசதியான குடும்பம் இல்லை. பையனுக்கு நல்ல குரல் இருந்தது. அதனால் லைப்சிக்கில் புனித தோமா ஆலயப் பள்ளியில் பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. சுமார் நூற்றிருபது வருஷம் கழித்து இதே பள்ளியில்தான் யோகான் செபாஸ்டியன் பாக் இசை ஆசிரியராக வந்து சேர்ந்தார். அங்கே பாடிக்கொண்டே ரிங்கார்ட் இறையியல் படித்தார். பிறகு லூத்தர் பிறந்த ஊரான ஐஸ்லெபனில் ஆசிரியராகவும் உதவிப் போதகராகவும் இருந்தார். கவிதை, நாடகம் எல்லாம் எழுதினார்.

1617-ல் சொந்த ஊரான ஐலன்பர்க்கிலேயே போதகர் வேலை கிடைத்தது. லூத்தரின் சீர்திருத்தம் தொடங்கி சரியாக நூறு வருஷம் ஆன ஆண்டு. மறு வருஷமே, 1618-ல், முப்பதாண்டுப் போர் ஆரம்பித்தது. அந்தப் போர் 1648 அக்டோபர் 24-ல் வெஸ்ட்பாலியா உடன்படிக்கையோடு முடிந்தது. ரிங்கார்ட் 1649 டிசம்பர் 8-ல் இறந்தார். அதாவது, சொந்த ஊரில் அவர் செய்த ஊழியம் ஏறக்குறைய முழுவதும் போர்க்காலத்தில்தான். சமாதானம் என்று ஒன்றை அவர் பார்த்தது ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

1637

சாக்சனி அந்தப் போரின் நடுக்கூடம் மாதிரி. 1631-ல் பிரைட்டன்ஃபெல்ட் யுத்தம், 1632-ல் லூட்சன் யுத்தம், இரண்டுமே லைப்சிக் நகரத்துக்குப் பக்கத்தில் நடந்தவை. அந்தக் காலத்துப் படைகளுக்குச் சம்பளம் ஒழுங்காக வராது. படை எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் இருக்கிற கிராமம்தான் அதற்குத் தீனி. தானியத்தை எடுத்துக்கொள்வார்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள், வீட்டைக் கொளுத்துவார்கள். ஜனங்கள் எங்கே போவார்கள்? மதில் இருக்கிற ஊருக்குள் ஓடுவார்கள். அப்படி ஐலன்பர்க்குக்குள் கூட்டம் கூட்டமாக அகதிகள் வந்தார்கள். சின்ன ஊர், நிறைய ஜனம், சாப்பாடு இல்லை, சுத்தம் இல்லை. 1637-ல் கொள்ளைநோய் உள்ளே வந்தது.

அந்தச் சமயம் ஊரில் ரிங்கார்ட்டுக்கு மேலே இருந்த தலைமைப் போதகர் ஊரைவிட்டுக் கிளம்பிப் போனார். கூப்பிட்டும் அவர் திரும்பி வரவில்லை. மற்ற போதகர்கள் நோயில் இறந்தார்கள். அவர்களையும் ரிங்கார்ட்தான் அடக்கம் பண்ணினார். கடைசியில் மிச்சம் இருந்த ஒரே போதகர் அவர்தான். சில நாட்களில் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பேருக்கு அடக்க ஜெபம் செய்திருக்கிறார். மொத்தம் அவர் அடக்கம் பண்ணினவர்கள் சுமார் 4,480 பேர் என்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வருஷம் முழுவதற்கும் பங்கு போட்டால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அடக்கம். நிலைமை இன்னும் மோசமானபோது அகதிகளை நீளமாகக் குழி தோண்டி, ஜெபம்கூட இல்லாமல் மூடவேண்டியதாயிற்று. இறந்தவர்கள் எல்லாரையும் சேர்த்து சுமார் 8,000 பேர் என்பது கணக்கு.

2021 மே மாதம் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் சபையில் ஒரே வாரத்தில் மூன்று அடக்கம் நடந்தது. மூன்றாவதுக்கு கல்லறைத் தோட்டத்தில் போதகரோடு சேர்த்து ஆறு பேர்தான் நின்றோம். பாதி ஜெபத்தில் போதகருக்குக் குரல் வரவில்லை. மூன்று அடக்கத்துக்கே அப்படி. அதனால்தான் 4,480 என்ற எண்ணை நான் சும்மா கடந்துபோக விரும்பவில்லை. அந்த எண்ணிக்கைக்குள் ஒருத்தி அவருடைய மனைவி. 1637 மே 8-ஆம் தேதி இறந்தார். அந்த ஆண்டில் அடக்கங்கள் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்தன.

இன்னொருவர் ஊரைவிட்டுப் போனபோது இவர் ஏன் இருந்தார்? இதைப் புரிந்துகொள்ள லூத்தரிடம் போக வேண்டும். 1527-ல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது லூத்தர் ஊரிலேயே தங்கி நோயாளிகளைக் கவனித்தார். அதே சமயம் பிரெஸ்லவ் நகரப் போதகர் யோகான் ஹெஸ், கொள்ளைநோய்க்குப் பயந்து ஒரு கிறிஸ்தவன் ஓடலாமா என்று கேட்டிருந்தார். லூத்தர் அதற்குப் பதிலாக ஒரு சிறு நூலே எழுதினார். அதில் அவர் சொன்ன வாதம் ரொம்பத் தெளிவானது. உயிருக்குப் பயந்து விலகுவது இயல்பு, அது தன்னளவில் பாவம் இல்லை. ஆனால் யாருக்குப் பொறுப்பு இருக்கிறதோ, அதாவது போதகர், ஊர் அதிகாரி, நோயாளிக்கு வேறு ஆள் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர், அவர்கள் கைவிட்டுப் போகக்கூடாது. அதோடு இன்னொன்றும் சொன்னார். கடவுள் காப்பார் என்று சொல்லி மருந்தைத் தள்ளிவிடுகிறவன், நோய் இருக்கிற இடத்துக்குத் தேவையில்லாமல் போகிறவன், கடவுளை நம்பவில்லை, சோதிக்கிறான். லூத்தரன் போதகர்கள் வளர்ந்த மரபு இது. ரிங்கார்ட்டும் அந்த மரபின் பிள்ளை.

பஞ்சமும் பணமும்

கொள்ளைநோய் போனது, பஞ்சம் வந்தது. விதைக்க ஆள் இல்லை, உழ மாடு இல்லை. செத்த ஒரு பூனைக்காக, ஒரு காக்கைக்காக முப்பது நாற்பது பேர் தெருவில் சண்டை போட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். "தேரைக்கும் படியளக்கிறவன்" என்ற வாக்கியம் தொண்டையில் சிக்கிக்கொள்கிற இடம் இதுதான்.

ரிங்கார்ட் அப்போது என்ன செய்தார்? நகரத் தலைவரோடும் இன்னொரு குடிமகனோடும் சேர்ந்து நிவாரண ஏற்பாடு செய்தார். தன் வீட்டில் பிள்ளைகளுக்கு வேண்டிய கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார். அவர் வீட்டு வாசலில் எப்போதும் பசித்த கூட்டம். கொடுத்துக் கொடுத்து, கடைசியில் தன் பிள்ளைகளுக்கு ரொட்டியும் துணியும் வாங்க வழியில்லாமல், வரப்போகிற வருஷங்களின் வருமானத்தையே அடமானம் வைக்கும் நிலைக்கு வந்தார்.

அதற்கு மேல் 1639-ல் சுவீடன் படை வந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சுவீடன்காரர்களும் லூத்தரன்கள்தான். சில வருஷங்களுக்கு முன்னால் சாக்சனியும் சுவீடனும் ஒரே அணி. 1635-ல் சாக்சனி பேரரசரோடு பிராக் உடன்படிக்கை செய்துகொண்டதால் நேற்றைய கூட்டாளி இன்றைக்கு எதிரி ஆகிவிட்டான். அதே ஜெபம், அதே பாட்டு, அதே விசுவாச அறிக்கை வைத்திருக்கிறவர்கள் மதிலுக்கு வெளியே நின்று, 30,000 தாலர் கொடு என்று கேட்கிறார்கள். தாலர் என்பது வெள்ளி நாணயம். செத்துப்போன ஊரில் அந்தப் பணம் எங்கே இருக்கும்?

ரிங்கார்ட் தளபதியைப் பார்த்து மன்றாடினார். அவர் மசியவில்லை. அப்போது ரிங்கார்ட் கூட வந்த ஜனங்களைத் திரும்பிப் பார்த்து, மனிதரிடம் நமக்கு இரக்கம் கிடைக்கவில்லை, கடவுளிடம் போவோம் என்ற பொருளில் பேசி, அந்த இடத்திலேயே முழங்காலில் நின்று ஜெபிக்க ஆரம்பித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினவர்கள் சொல்கிறார்கள். கடைசியில் கேட்ட தொகை 2,000 ஃபுளோரினாகக் குறைந்தது.

பாட்டு எப்போது எழுதப்பட்டது?

இப்போது பாட்டுக்கு வருவோம். பல பிரசங்கங்களில் இந்தக் கதை இப்படிச் சொல்லப்படுகிறது: கொள்ளைநோய், பஞ்சம், போர் எல்லாம் முடிந்து சமாதானம் வந்தபோது, ரிங்கார்ட் கண்ணீரோடு உட்கார்ந்து இந்த நன்றிப் பாட்டை எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேதிகள் இதற்கு இடம் கொடுக்கவில்லை.

பெர்லினில் யோகான் க்ரூகர் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தின் 1647-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இந்தப் பாட்டு இருக்கிறது. இன்று நாம் பாடுகிற மெட்டும் அதில்தான் வருகிறது. சமாதானம் வந்தது 1648-ல். ஆக, சமாதானத்துக்காக எழுதிய பாட்டு இல்லை. அதற்கும் முன்னால், 1636-ல் லைப்சிக்கில் ரிங்கார்ட் ஒரு சிறு பக்திப் புத்தகம் வெளியிட்டார். பாட்டு முதலில் அச்சானது அதில்தான் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிற கருத்து. கைக்குக் கிடைத்திருக்கிற பழைய பிரதி 1663-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் இந்தப் பாட்டுக்கு மேலே என்ன தலைப்பு தெரியுமா? "மேஜை ஜெபம்". அதாவது, சாப்பிட்ட பிறகு வீட்டில் பிள்ளைகளோடு சொல்கிற நன்றி ஜெபம்!

மூன்றே பத்திகள். முதல் இரண்டும் சீராக்கின் ஞானம் என்ற நூலின் 50-ஆம் அதிகாரத்தைத் தழுவியவை. கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கிற நூல் அது. லூத்தர் அதை வாசிக்கப் பயனுள்ள நூல் என்று தன் மொழிபெயர்ப்பில் தனியாகச் சேர்த்திருந்தார். தாயின் கர்ப்பத்திலிருந்து நம்மைப் பராமரித்து வந்தவருக்கு நன்றி, இனியும் மன மகிழ்ச்சியும் சமாதானமும் தரட்டும், இவ்வளவுதான் அதன் சாரம். மூன்றாவது பத்தி திரியேக கடவுளுக்குத் துதி.

1636 என்பதை வைத்துப் பார்த்தால், அந்தப் பாட்டு கொள்ளைநோய்க்கு முந்தின வருஷம் வெளிவந்திருக்கிறது. அந்த மேஜையில் மனைவி இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அதற்காக அவர் நல்ல காலத்தில் சும்மா பாடினார் என்று நினைத்துவிடாதீர்கள். போர் ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் மேஜையில் ரொட்டி இருந்த நாளில், இருக்கிறதைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அடுத்த வருஷம் அவர் அந்த ஜெபத்தை எந்த மனநிலையில் சொன்னார் என்று நமக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த ஜெபத்தைக் கற்ற மனிதர் அந்த வருஷம் எங்கே இருந்தார் என்று தெரியும். கல்லறையிலும், நோயாளிகளின் வீட்டிலும் இருந்தார்.

என்னைக் கேட்டால், கற்பனைக் கதையைவிட இந்த உண்மைதான் நமக்கு அதிக ஆறுதல். எல்லாம் முடிந்த பிறகு பின்னால் திரும்பிப் பார்த்து, "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்வது ஒன்று. எதுவும் முடியாதபோதே, சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டில் நன்றி சொல்லிப் பழகுவது வேறு. முதல் வகை ஆறுதலுக்காக நாம் துன்பம் முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். முடியாமலே போனால்? ஐலன்பர்க்கில் 8,000 பேருக்கு அது முடியவே இல்லை. இரண்டாவது வகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

விதியா, பராமரிப்பா?

நம்ம ஊரில் இன்னொரு குழப்பம் உண்டு. "எல்லாம் தலையெழுத்து, அவன் விட்ட வழி" என்று சொல்வதும் பராமரிப்பை நம்புவதும் ஒன்றே என்று நினைக்கிறோம். ரிங்கார்ட்டின் வாழ்க்கையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. தலையெழுத்தை நம்புகிறவர் தளபதியிடம் போய் மன்றாட மாட்டார், நிவாரணத்துக்கு ஆள் சேர்க்க மாட்டார், வருமானத்தை அடமானம் வைக்க மாட்டார். இவர் எல்லாவற்றையும் செய்தார். 1563-ல் எழுதப்பட்ட ஹைடல்பர்க் வினாவிடை, பராமரிப்பை நம்புவதால் என்ன பயன் என்று ஒரு கேள்வியே வைத்திருக்கிறது. துன்பத்தில் பொறுமை, நன்மையில் நன்றி, வருங்காலத்தைக் குறித்து நம்பிக்கை என்று மூன்றைச் சொல்கிறது. ஏன் இப்படி நடந்தது என்ற விளக்கம் கிடைக்கும் என்று அந்தப் பதிலில் எங்கேயும் சொல்லவில்லை. அது சீர்திருத்தச் சபையின் நூல், ரிங்கார்ட் லூத்தரன். இருந்தாலும் இந்த இடத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லணும். பராமரிப்பு என்ற பெயரில் தப்பும் நடந்திருக்கிறது. பிரைட்டன்ஃபெல்ட் யுத்தத்தில் சுவீடன் படையின் முழக்கம் "கடவுள் நம்மோடு" என்பது. பிற்காலத்தில் பிரஷ்யப் போர்வீரர்களின் இடுப்புவார் வில்லையில் அதே வாசகம் பொறிக்கப்பட்டது. 1757-ல் லாய்தன் யுத்தத்தில் பிரஷ்யா ஜெயித்த இரவில், போர்க்களத்திலேயே வீரர்கள் ரிங்கார்ட்டின் பாட்டைப் பாடினார்கள் என்பது ஜெர்மனியில் பிரபலமான கதை. குடும்பமாகச் சாப்பிட்டுச் சொன்ன ஜெபம், பிணங்களுக்கு நடுவில் வெற்றிப் பாட்டாகிவிட்டது. நம் பக்கம் ஜெயித்தால் கடவுள் பராமரித்தார் என்று சொன்னால், தோற்றவர்களின் பிள்ளைகளை யார் பராமரிக்கிறார்? முழங்காலில் நின்ற ரிங்கார்ட், ஜெயித்த பக்கத்தில் இல்லை என்பதை மறந்துவிடக்கூடாது.

முடிவாக

அவருடைய கடைசி வருஷங்கள் சுகமாகப் போகவில்லை. கடன் தீரவில்லை. அவர் செய்ததற்கு ஊர் அதிகாரிகள் நன்றி காட்டாததோடு, தொல்லையும் கொடுத்தார்கள். சமாதானம் வந்த மறு வருஷம், அறுபத்துமூன்று வயதில், தளர்ந்துபோய் இறந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அதே சாக்சனி நாட்டில், புல்ஸ்நிட்ஸ் என்ற ஊரில், 1682-ல் ஒரு குழந்தை பிறந்தது. அவர்தான் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க். போரில் அழிந்துபோன நாட்டின் சபைகள், ஜெர்மன் மெட்டுகளை இங்கே அனுப்புகிற அளவுக்கு மறுபடியும் எழுந்திருந்தன. ஐலன்பர்க்கில் இறந்தவர்களுக்கு இதை ஒரு ஈடாக நான் சொல்லவில்லை. வரலாறு அதோடு நின்றுவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களில் சிலர் இப்போது கஷ்டத்தின் நடுவில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மருத்துவமனை வராண்டாவில் இருக்கலாம், வேலை போன வீட்டில் இருக்கலாம். உங்கள் கஷ்டத்துக்கு என்ன காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுகிறவர்களை நீங்களும் நம்ப வேண்டாம். ரிங்கார்ட்டிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயம். இன்று ராத்திரி தட்டில் என்ன இருக்கிறதோ அதற்குச் சத்தமாக நன்றி சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கும்படி. பிறகு, உங்கள் பக்கத்தில் யாருக்கு ஆள் இல்லையோ, அவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஐலன்பர்க் ஜனங்களுக்கு அந்த வருஷம் தேவ பராமரிப்பு பெரும்பாலும் ஊரைவிட்டுப் போகாத ஒரு போதகரின் உருவத்தில்தான் வந்தது.